விழுந்த மறுநாள்

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பது பழமொழி. தொட்டிலில் பழகியது சுடுகாடு வரை வருமென்றால், இருபது வயதில் விடுதியில் பழகியது எவ்வளவு தூரம் வரும்? இந்தக் கேள்விக்கு நான்கு ஆண்டுகள் என் உடம்பைக் கொண்டே விடை தேடியவன் நான். கண்ட விடையைச் சங்கத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அறிவுரை கூறும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் வழுக்கி விழுந்தவனுக்கு ஒரு தகுதி உண்டு. எந்தப் படியில் பாசி இருக்கிறது என்பதை அவன் சொல்லலாம்.

என் பழக்கம் புகை பிடித்தல். “ஒரு சிகரெட்டுக்கா இவ்வளவு பீடிகை?” என்று சிலர் நகைக்கலாம். என் கதை பீடியில்தான் தொடங்குகிறது. ஆகவே பீடிகை பொருத்தமானதே.

தென்காசிப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எனக்குச் சொந்த ஊர். மழை பொய்த்தாலும் பொய்க்காத தொழில் ஒன்று எங்கள் வட்டாரத்தில் உண்டு. அது பீடி சுற்றுவது. பிற்பகலில் எங்கள் தெருவில் நடந்தால், வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருப்பதைக் காணலாம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா முதலிய மாநிலங்களின் காடுகளிலிருந்து வரும் இலையை நீரில் நனைப்பார்கள். அதை அளவாகக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, வாயை மடித்து அடைப்பார்கள். விரல்கள் தாமே வேலை செய்யும். வாய் ஊர்க்கதை பேசும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலிக் கணக்கு. காற்றில் பறக்கும் தூள் தொண்டையை அறுக்கும்.

என் அம்மா இந்தத் தொழிலைப் பதின்மூன்றாம் வயதில் கற்றுக்கொண்டார்கள். அப்பா இறந்த பிறகு அந்தச் சுளகுதான் எங்களுக்கு வயல். என் பள்ளிக் கட்டணமும் கல்லூரிக் கட்டணமும் அதில்தான் விளைந்தன. ஒரு பீடியைக்கூட வாயில் வைத்தறியாத அம்மாவின் சேலையில் எப்போதும் புகையிலை வாடை இருக்கும். எனக்கு அது தாயின் மணம்.

முதுகலை படிக்கத் தில்லிக்கு வந்தேன். குளிரைப் பற்றிப் பலரும் எச்சரித்திருந்தார்கள். தனிமையைப் பற்றி ஒருவரும் எச்சரிக்கவில்லை. முதல் டிசம்பரில் ஒரு நாள் காலை, எதிரே வருபவர் முகம் தெரியாத மூடுபனி. விடுதி வாயிலில் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தார். அவர் கையில் பீடி. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எங்கள் வீட்டுத் திண்ணையில் நிற்பது போலிருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று மாலையே ஒரு கட்டுப் பீடி வாங்கினேன்.

“கூடாநட்பு என்னைக் கெடுத்தது” என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஆனால் உண்மை அதுவன்று. என்னைக் கெடுத்தது ஊர் ஏக்கம். தீய பழக்கம் எப்போதும் தீய முகத்தோடு வருவதில்லை. சில வேளை அது தாயின் சேலையை உடுத்திக்கொண்டு வருகிறது.

பீடி விரைவில் சிகரெட்டாயிற்று. விடுதியில் பீடி பிடிப்பது மதிப்புக் குறைவு. ஒன்று மூன்றாகி, மூன்று பத்தாயிற்று. கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கலாகாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நான் நாடிய தேநீர்க் கடைக்காரர் சட்டத்தை மதிப்பவர். நூற்றோராவது கஜத்தில் பெட்டி வைத்திருந்தார். ஆசைக்கு ஒரு கஜம் ஒரு தூரமா?

அறியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. இழுத்த புகையின் நிக்கோட்டின் பத்து இருபது நொடிகளில் மூளையை அடைகிறது என்பதைப் படித்திருந்தேன். இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. அதனால்தான் இரண்டு வகுப்பு முடிவதற்குள் கை சட்டைப் பையைத் தடவுகிறது. குளிருக்கு இதம் என்று நான் பிடித்தது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, என் விரல்களை மேலும் குளிரச் செய்தது. புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்னும் இரு ஆங்கில ஆராய்ச்சியாளர்கள் 1950இல் வெளியிட்டனர். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரும் அதை உறுதிப்படுத்தி அறிக்கை தந்தார். அவ்வளவு ஏன்? பெட்டியின் மேலேயே நோயின் படம் அச்சிட்டிருந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டே பற்றவைத்தேன். அறிவு விளக்குப் போன்றது. அது பள்ளத்தைக் காட்டும். காலைப் பிடித்து நிறுத்தாது.

புகையைவிடப் பெரிய கேடு ஒன்று அதன் நிழலில் வளர்ந்தது. அது பொய். ஞாயிறு பிற்பகல் அம்மா தொலைபேசியில் அழைப்பார்கள். “கோயிலுக்குப் போனியா, ஐயா? சளி எப்படி இருக்கு?” என்பார்கள். தொலைபேசியில் வாடை வராது என்று தெரிந்தும், பேசுமுன் வாயில் நாலு சோம்பைப் போட்டுக்கொள்வேன். குற்றமுள்ள நெஞ்சின் பேதைமை அப்படி. “தில்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை” என்று இருமலுக்குக் காரணம் சொல்வேன். புத்தகம் வாங்க என்று பணம் கேட்பேன். ஒரு நாளைக்கு நான் ஊதித் தள்ளிய காசு, அம்மா பல நூறு பீடி சுற்றிப் பெற்ற கூலி. நூலகத்தில் அமர்ந்து ஒரு நாள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மனம் கனத்தது என்று வெளியே போய் ஒன்று பற்றவைத்தேன்.

விட முயலவில்லையா என்று கேட்பீர்கள். முயன்றேன். இரண்டாம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவு ஆராதனையில் கண்ணீரோடு சபதம் செய்தேன். பெட்டியை நசுக்கிக் குப்பையில் எறிந்தேன். ஜனவரி 3ஆம் நாள் அந்தச் சபதத்தையும் குப்பையில் எறிந்தேன். பரீட்சை முடிந்ததும் விடுவேன். பிறந்த நாளில் விடுவேன். ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததும் விடுவேன் என்று தவணை வளர்ந்தது. கடன்காரனுக்குத் தவணை சொல்பவன்கூட என்றாவது ஒரு நாள் கொடுக்கிறான்.

ஒரு முறை மட்டும் வென்றேன். அந்த வெற்றிதான் என்னைப் பெரிதும் கெடுத்தது. மூன்றாம் ஆண்டு லெந்து நாட்களில், சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை, ஒன்றையும் தொடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இருந்தும் காட்டினேன். அறை நண்பர்கள் வியந்தார்கள். என்னை நானே வியந்துகொண்டேன். ஈஸ்டர் அன்று மாலை ஒரு எண்ணம் வந்தது: “இத்தனை நாள் அடக்கியவன் நான். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் வல்லமை எனக்கு இருக்கிறது. அப்படியானால் இன்று ஒன்று பிடிப்பதில் என்ன குறை?” ஆண்டவர் கல்லறையை விட்டு எழுந்த திருநாளில் நான் என் கல்லறைக்குள் மீண்டும் இறங்கிப் படுத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் பத்து பதினைந்தாகியிருந்தது.

அதன்பின் திருவிருந்தில் பங்கு பெறுவதை நிறுத்தினேன். பிறகு கோயிலுக்குப் போவதையே நிறுத்தினேன். பாவம் என்னைக் கோயிலிலிருந்து தள்ளவில்லை, வெட்கம் தள்ளியது. “தூய்மையாகிவிட்டுப் போவோம்” என்று எண்ணினேன். நோய் தீர்ந்த பிறகு மருத்துவரிடம் போகலாம் என்று வீட்டிலிருக்கும் நோயாளியை என்னென்பது?

நான்காம் ஆண்டு மே மாதம் ஊருக்குப் போனேன். நண்பகல் வேளை. அம்மா சுளகை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். சிறு வயதுப் பழக்கப்படி அருகில் அமர்ந்து இலை வெட்டிக் கொடுத்தேன். சற்று நேரம் என் கையைப் பார்த்தார்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் நுனியில் மஞ்சள் பாரித்திருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் புகையிலையோடு வாழ்ந்தவர்களிடம் சோம்பு எம்மாத்திரம்?

“எத்தன நாளா?” என்று கேட்டார்கள்.

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அன்று அது வரவில்லை. “நாலு வருசமா” என்றேன்.

அம்மா அழவில்லை. கை நிற்கவுமில்லை. இரண்டு பீடி சுற்றி முடித்த பிறகு மெல்லப் பேசினார்கள். “தெனமும் சுளகத் தொடும்போது ஒரு வார்த்த ஜெபம் பண்ணுவேன். ஆண்டவரே, இத எவ பெத்த பிள்ள குடிக்கப் போறானோ, அவன் நெஞ்சக் காத்துக்கிடும்னு. நான் பெத்த பிள்ளைக்கும் சேத்துத்தான் ஜெபம் பண்ணியிருக்கேன்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

சற்று நேரம் கழித்து, “எனக்கு இது வயித்துப்பாடு, ஐயா. விட்டா அடுப்பு எரியாது. ஒனக்கு என்ன பாடு?” என்றார்கள்.

இந்தக் கேள்விக்கு எந்த நூலகத்திலும் எனக்கு விடை கிடைத்ததில்லை. “அம்மா, இனிமேல் தொடமாட்டேன். சத்தியமாக...” என்று தொடங்கினேன். அவர்கள் கையை உயர்த்தித் தடுத்தார்கள். “சத்தியமெல்லாம் பண்ணாத. பண்ண வேண்டாம்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. விழாம இருன்னு நான் சொல்லல. விழுந்தா விழுந்தேன்னு சொல்லு. அது போதும் எனக்கு.”

நண்பர்களே, நான் கேட்ட பிரசங்கங்கள் பல. அவற்றுள் மிகச் சிறியது இதுவே. மிகப் பெரியதும் இதுவே.

தில்லிக்குத் திரும்பியதும் தமிழ் ஆராதனை நடத்தும் ஐயர் ஒருவரைக் கண்டு எல்லாவற்றையும் சொன்னேன். லெந்து நாட்களில் வென்றும் ஏன் தோற்றேன் என்று கேட்டேன். அவர் சுவிசேஷத்தில் வரும் ஒரு சிறு உவமையை நினைவூட்டினார். ஒரு மனிதனை விட்டு வெளியேறிய அசுத்த ஆவி, எங்கும் இளைப்பாற இடம் காணாமல் திரும்பி வந்து பார்க்கிறது. பழைய வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டு, வெறுமையாகக் கிடக்கிறது. உடனே அது தன்னினும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. “தம்பி, நீங்கள் வீட்டைக் கூட்டினீர்கள். யாரையாவது குடி வைத்தீர்களா?” என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். அந்த நாட்களில் என் வீட்டில் குடியிருந்தது என் பெருமை ஒன்றுதான்.

பிறகு அவர் இன்னொன்று சொன்னார். பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனி என ஒன்பது பண்புகளை வரிசைப்படுத்துகிறார். கடைசியில் நிற்பது இச்சையடக்கம். அதைக் கருவி என்றோ ஆயுதம் என்றோ அவர் அங்கே சொல்லவில்லை, கனி என்கிறார். கனியை யாரும் உலையில் அடித்து உருவாக்குவதில்லை. வேர் நீரில் இருந்தால் கிளையில் அது தானே வரும். அதற்காகத் தோட்டக்காரன் தூங்கலாமா? கூடாது. அதே பவுலடியார் வேறோரிடத்தில் பந்தயத்தில் ஓடுபவனின் கடும் பயிற்சியையும் உவமை காட்டுகிறார். நீர் பாய்ச்சுவதும் களை பறிப்பதும் நம் வேலை. காய்க்க வைப்பது நம் கையில் இல்லை.

அந்நாட்களில் நூலகத்தில் அகுஸ்தீன் அடிகளின் “வாக்குமூலம்” என்னும் நூலைப் படித்தேன். ஏறத்தாழ கி.பி. 400ஐ ஒட்டி எழுதப்பட்ட நூல். அதில் அலிப்பியஸ் என்ற நண்பனின் கதை வருகிறது. அவனும் நம்மைப் போலச் சொந்த ஊரை விட்டு வந்த மாணவன். சட்டம் படிக்க ரோமாபுரிக்கு வந்தவன். மனிதர் மனிதரைக் கொல்லும் வாட்போர்க் காட்சிகளை அவன் வெறுத்தான். ஒரு நாள் உடன் பயின்ற நண்பர்கள், உணவு உண்டு திரும்புகையில் எதிர்ப்பட்டு, அவனை அரங்கத்துக்கு இழுத்துச் சென்றார்கள். “என் உடம்பைத்தான் இழுத்துச் செல்வீர்கள், என் கண்ணைத் திறக்க முடியாது” என்ற எண்ணத்தோடு கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு வீரன் வீழ்ந்தான். கூட்டம் பேரொலி எழுப்பியது. என்னவென்று பார்ப்போம், பார்த்துவிட்டு வெறுப்போம் என்று கண்ணைத் திறந்தான். அந்த நொடியே அவன் அக்கூட்டத்தில் ஒருவனானான். பின்னர்ப் பிறரையும் இழுத்துக்கொண்டு வருபவனானான். கண்ணை மூடியவன் காதை மூட மறந்தான். நானும் அவனே. என் பலத்தை நம்பிக் கண்ணை மூடியிருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பின்னாளில் அந்த அலிப்பியஸ், கி.பி. 387இல் மிலான் நகரில், அகுஸ்தீனோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றான். விழுந்தவன் விழுந்தே கிடக்கவில்லை.

இனி, நான் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்கேனும் பயன்படலாம்.

முதலாவது, ஒருவரிடம் சொன்னேன். என் அறைக்கு எதிர் அறையில் மதுரையைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசும் சைவர். “அண்ணே, நான் விழுந்தால் உங்களிடம் வந்து சொல்வேன். நீங்கள் திட்டவும் வேண்டாம், தேற்றவும் வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும்” என்றேன். “சரி தம்பி. ராத்திரி எத்தனை மணியானாலும் கதவைத் தட்டு” என்றார். குறளில் அடக்கமுடைமை அதிகாரம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஐம்புலனை அடக்குபவனுக்கு வள்ளுவர் காட்டும் ஆமை உவமையை அவர்தான் எனக்கு விளக்கினார். ஆமை ஆபத்து வந்தபோது உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓடிப்போய் ஆபத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. அன்று முதல் தேநீர்க் கடை வழியே போவதை விட்டேன். சுற்று வழி பத்து நிமிடம் கூடுதல். அந்தப் பத்து நிமிட நடை பல சிகரெட்டுகளைத் தின்றுவிட்டது.

இரண்டாவது, வேட்கையின் நேரத்தை அளந்தேன். அது வரும்போது என்றென்றும் நிற்கப்போவது போல மிரட்டுகிறது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தணிகிறது. ஒரு சங்கீதத்தை மெல்ல வாய்விட்டுப் படித்து முடிக்கும் நேரம் அதற்குப் போதும். ஒரு குவளை நீர் குடித்துவிட்டுப் படிப்பேன். முதல் மூன்று நாட்கள் கொடியவை. தலைவலி, எரிச்சல், உறக்கமின்மை எல்லாம் வந்தன. ஜெபம் அவற்றை நீக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஜெபம் எனக்குத் துணையிருந்தது. வலியில் துணை இருப்பதும் வலி இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. ஆனால் அந்தத் துணையால் நான் எழுந்து ஓடிவிடாமல் இருந்தேன்.

மூன்றாவது, வெறும் வீட்டில் குடி வைத்தேன். கோயிலில் பாடகர் குழுவில் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு நீண்ட அடியை ஒரே மூச்சில் பாட முடியாமல் பாதியில் இருமினேன். பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்தார். அந்த அடியை ஒரே மூச்சில் முடிப்பதே என் இலக்காயிற்று. “புகைக்காதே” என்ற கட்டளைக்கு என் மனம் முரண்டு பிடித்தது. “பாடு” என்ற அழைப்புக்கு அது இணங்கியது.

பத்தொன்பதாம் நாள் விழுந்தேன்.

என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் முழுவதும் திருப்பி அனுப்பப்பட்ட நாள் அது. கால் தானாகவே பழைய கடைக்குப் போயிற்று. ஒன்று வாங்கினேன். முழுவதும் பிடித்தேன். கீழே போட்டு மிதித்தபோது பழைய குரல் பேசிற்று: “பதினெட்டு நாளும் பாழாயிற்று. இனி ஒன்றானால் என்ன, ஒன்பதானால் என்ன? ஒரு பெட்டியாக வாங்கிக்கொள்.” நண்பர்களே, என் நான்கு ஆண்டு அடிமைத்தனமும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது. முதல் சிகரெட் என்னை ஒருபோதும் கட்டவில்லை. விழுந்த பிறகு “இனி என்ன?” என்று சொன்ன அந்த வெட்கமே கட்டியது.

அன்று அம்மாவின் சொல் நினைவுக்கு வந்தது. கடையை விட்டு நேராக அண்ணன் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். “அண்ணே, விழுந்துவிட்டேன்” என்றேன். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “சாப்பிட்டாயா?” என்று மட்டும் கேட்டார். என் அறைக்கு வந்து முழங்காலில் நின்றேன். சபதம் ஒன்றும் செய்யவில்லை. “விழுந்தேன்” என்றேன், அவ்வளவுதான். பின்னர் அம்மாவையும் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் ஒலியில்லை. பிறகு, “சொன்னியே, அது போதும். போய்ப் படு” என்றார்கள்.

மறுநாள் என் குறிப்பேட்டில் “முதல் நாள்” என்று எழுதப் போனேன். கை நின்றது. “இருபதாம் நாள்” என்று எழுதினேன். கிருபை என்ற சொல்லுக்குச் சிறு வயது முதல் ஞாயிறு பள்ளியில் பொருள் படித்திருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்தக் காலையில்தான். கடவுள் என் கணக்கைப் பழையபடி ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்லவில்லை.

உளவியல் அறிஞரும் இதற்குச் சற்று இசைவாகப் பேசுகிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதிய நூலில், புதுப் பழக்கம் வேரூன்றும் வரை ஒரு விலக்குக்கும் இடம் தரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நல்ல அறிவுரைதான். ஆனால் லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் அச்சான ஓர் ஆய்வு, ஒரு நல்ல பழக்கம் இயல்பாகிப் படிவதற்கு ஏறத்தாழ 66 நாள் ஆகிறது என்று கண்டது. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை மாறுகிறதாம். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது பெரிதும் கெடவில்லை என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. அது புகையை விடுவதைப் பற்றிய ஆய்வு அன்று. எனினும் விழுந்தவனுக்கு ஆறுதல் தருகிறது.

இதைப் படிக்கும் நண்பர்களுள் பலர் கிறிஸ்தவர் அல்லர் என்பதை அறிவேன். விழுந்ததை ஒப்புக்கொள்வது எந்தச் சமயத்துக்கும் தனியுடைமை அன்று. காந்தியடிகள் சிறுவனாக இருந்தபோது புகைத்ததையும், பின்னர்த் தமையனின் காப்பிலிருந்து பொன் துண்டு திருடியதையும் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். திருட்டைக் கடிதத்தில் எழுதி, நோயுற்றுக் கிடந்த தந்தையிடம் தாமே கொடுத்தார். தந்தை கண்ணீர் வடித்தார், கடிதத்தைக் கிழித்தார், ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அந்தக் கண்ணீரே தம்மைக் கழுவியது என்று காந்தியடிகள் கருதினார். என் அம்மா காந்தியடிகளின் வரலாற்றைப் படித்ததில்லை. ஆயினும் அதே மருந்தைத்தான் கொடுத்தார்கள்.

மருந்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மையான மருந்தை நாடுவது நம்பிக்கைக் குறைவு அன்று. நிக்கோட்டின் உடம்பையும் பிடிக்கும் பொருள். மருத்துவரிடம் போவதும், அவர் தரும் மாத்திரையையோ மெல்லும் பசையையோ ஏற்பதும் ஒருவனுக்குத் தேவையானால், அதுவும் ஆண்டவர் நீட்டும் கைதான். “ஜெபம் செய்தும் விடமுடியவில்லை” என்று தன்னையே சபித்துக்கொள்ளும் தம்பி ஒருவன் இதைப் படித்தால், அவனுக்காகவே இதை எழுதினேன்.

இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. பத்தொன்பதாம் நாளுக்குப் பிறகும் இரு முறை விழுந்தேன். இரு முறையும் அண்ணன் கதவைத் தட்டினேன். பின்னர்த் தட்ட வேண்டிய தேவை வரவில்லை. வேட்கை முற்றும் செத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். டிசம்பர் மூடுபனியில் எங்கிருந்தோ பீடி வாடை வந்தால் உள்ளே ஏதோ ஒன்று இன்றும் தலை தூக்குகிறது. அப்போது ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறேன். அன்று முதல் நாளே நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.

அம்மா இன்னும் பீடி சுற்றுகிறார்கள். “நான் பணம் அனுப்புகிறேன், விட்டுவிடுங்கள்” என்றேன். “தங்கச்சி கல்யாணம் முடியட்டும்” என்றார்கள். எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். சுளகைத் தொடுமுன் செய்யும் ஜெபத்தை மட்டும் குறைக்கவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, இந்தப் பல்கலைக்கழகத்தின் மாடிப்படியிலோ தேநீர்க் கடையிலோ இன்று மாலை ஒன்றைப் பற்றவைக்கும்போது, அவன் நெஞ்சுக்காகத் தென்காசிப் பக்கத்தில் ஒரு தாய் முன்னமே வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்பதை அவன் அறியட்டும்.

அவனுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. நண்பனே, நேற்று விழுந்தாயா? அது போகட்டும். இன்று யாரிடமாவது சொல். என் அறைக் கதவு எண் சங்கத்துச் செயலாளருக்குத் தெரியும். எத்தனை மணியானாலும் தட்டு.